இடது ஸ்பீக்கரின் சிவப்பு வயர்

ஏறும்போதே மழையில் நனைந்திருந்தாள். இரண்டு கையிலும் இரண்டு மண்பானைகள்... ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் பஸ்ஸில் ஆளுக்கே இடமில்லை, பானைக்கு ஏது? ஜன்னலோரம் இருந்த தேவஇரக்கத்தின் மடியில் ஏற்கெனவே ஓர் ஆம்ப்ளிஃபயர், காலடியில் இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகள். அவள் அதையெல்லாம் கவனித்த மாதிரியே தெரியவில்லை.

"செத்த நேரம் பிடிங்க" என்று ஒரு பானையை அவன் கையில் கொடுத்துவிட்டாள்.

தொண்ணூற்று நான்கில் ராஜபாளையத்தில் ஸ்டீரியோ என்றால் பத்து வருஷமாகக் கடை நடத்தும் தேவஇரக்கம்தான். அப்படித்தான் அவனே சொல்லிக்கொள்வான். பொங்கலுக்கு இன்னும் ரெண்டு மாசம் கிடக்கிறதே என்று சீண்டினான். பொங்கலுக்கில்லை, ஸ்பீக்கருக்கு என்றாள் அவள். மஸ்கட்டிலிருந்து அண்ணன் சி.டி. பிளேயர் அனுப்பியிருக்கிறானாம், ஸ்பீக்கரைப் பானை வாயில் கவிழ்த்து வைத்தால் சத்தம் கனமாக இறங்குமாம், முப்பது பானையைத் தட்டிப் பார்த்து ஒரே சுருதியில் இரண்டு பொறுக்கினாளாம்.

அவன் சிரித்துவிட்டான். "சி.டி.க்குப் போயி பானையா..."

அவள் திரும்பிப் பார்த்தாள். மழைத்துளி தொங்கும் இமைகள்... அதற்குக் கீழே கோபம். கோபத்துக்கு இத்தனை அழகான கண்ணைக் கொடுத்தால் மனிதன் எப்படிப் பயப்படுவான்? இன்னொரு தடவை பார்க்கக் கிடைக்குமா என்றுதான் அவனுக்குத் தோன்றியது.

கிடைத்தது... ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கிய அரை மணி நேரத்திலேயே. ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர் வேதசிரோமணி வரச்சொன்ன வீட்டின் கதவைத் திறந்தவள் அவளேதான். அவருடைய மகள் அமிர்தவல்லி. சர்ச்சில் பாடகர் குழுவை நடத்துகிறவள். மகளிடம் சொல்லாமலே அப்பா புது ஸ்பீக்கருக்கு ஆர்டர் கொடுத்திருந்தார்.

பானைகள் அடுப்படிக்குப் போயின. அவன் வயர்களை மாட்டினான். அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு காபி கொண்டுவந்தாள். பாட்டு கிளம்பியது. சுத்தமான சத்தம்... ஹெட்மாஸ்டர் தலையாட்டினார். அமிர்தவல்லி கண்ணை மூடிக் கேட்டாள்.

"பாடுறவரு நடுவுல நிக்கலையே. ரெண்டு பக்கமும் செதறிக் கெடக்காரு. கனமும் இல்ல."

ஒரு நிமிஷம் உட்கார்ந்து பார்த்திருக்கலாம். கடைக்காரனின் ரோஷம் விடவில்லை. சி.டி. சத்தம் அப்படித்தான், உங்கள் காது கேசட்டுக்குப் பழகிவிட்டது என்றான். அப்பாவும் சேர்ந்துகொண்டு, அவர் விவரம் தெரிந்த மெக்கானிக், உனக்குத்தான் காது சரியில்லை என்றார்.

இருபது பேர் பாடும்போது சுருதி பிசகியவர் யாரென்று சொல்லும் காது அது. அவள் கண் கலங்கியதை அவன் பார்த்தான். "சரிங்க. இனி இந்தப் பக்கம் வராதீங்க" என்று மெதுவாகச் சொன்னாள்.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். இவனுடையது ராஜபாளையம் போய்ச் சேரும்வரைகூடத் தாங்கவில்லை. பஸ்ஸிலேயே யோசித்தான்... வலது பெட்டியில் சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு. இடது பெட்டியில்? மாற்றி மாட்டியிருக்கிறான். அப்படி மாட்டினால் ஒரு ஸ்பீக்கர் தள்ளும்போது மற்றது இழுக்கும். கனமான சத்தம் நடுவிலேயே அழிந்துபோகும். அவள் சொன்னது அட்சரம் பிசகாத உண்மை.

சனிக்கிழமை சாயங்காலம் போனான். அவள் பாட்டுப் பயிற்சிக்குப் போயிருந்தாள். உள்ளே உட்காரச் சொல்லிவிட்டு ஹெட்மாஸ்டர் பேப்பரில் மூழ்கினார். இரண்டு நிமிஷ வேலை. வயரை மாற்றிவிட்டு நடையைக் கட்டினால் ஒருவருக்கும் தெரியாது... அவன் மானம் பிழைக்கும். ஆனால் அவள் காதுக்கு வந்த பழி அப்படியே நிற்கும். ஸ்க்ரூடிரைவரைத் திரும்பப் பையில் போட்டுக்கொண்டு காத்திருந்தான்.

அவள் வந்தாள். குடையை மடக்கினாள். அவனைக் கண்டதும் முகம் இறுகியது.

அவன் எழுந்தான். "அவிய காதுல ஒரு கொறையும் இல்லங்கய்யா. நாந்தான் இடது வயரை மாத்தி மாட்டிட்டேன். பொறவு இல்லாததச் சொல்லிச் சமாளிச்சேன். தப்பு என்னோடது."

பேப்பர் இறங்கியது. கொடியில் துணி நனைகிறது என்று ஹெட்மாஸ்டர் கொல்லைப்பக்கம் போனார்.

வயரை அவளையே மாற்றச் சொன்னான். சிவப்பைச் சிவப்பில் சொருகினாள்... பாடுகிறவர் இரண்டு பெட்டிக்கும் நட்டநடுவில் வந்து நின்றார். வெளியே மழை, உள்ளே அந்தக் குரல். அவள் முகம் மலர்ந்தது.

"பத்து வருசமா இதே வேலை பாக்குறவரு... செவப்பும் கறுப்பும் எப்படித் தெரியாமப் போச்சு?"

சமாளிக்க நூறு வழி இருந்தது. அவனுக்குச் சமாளித்துச் சலித்துவிட்டது.

"இடது வயரை மாட்டும்போது நீங்க காபி கொண்டாந்தீங்க... கண்ணு வயர்ல இல்ல. பஸ்ஸுல பாத்ததுலேருந்து வேற எதுலயுமே இல்ல. எனக்கு ஒங்கள அம்புட்டுப் பிடிச்சிருக்கு."

அவள் மிச்ச வயரைக் கையில் எடுத்தாள். பாட்டு முடிந்தது. அடுத்த பாட்டுக்கு முன்னால் சி.டி.யில் ஒரு மௌனம் வரும்... கேசட்டில் கிடைக்காத, கரகரப்பே இல்லாத மௌனம். அதில் அவன் நெஞ்சு அடிப்பது அவனுக்கே கேட்டது.

"என் பானை ரெண்டும் என்கூட வரும்" என்றாள் அமிர்தவல்லி, மிச்ச வயரைச் சுருட்டியபடி. "பொறவு... நம்ம வீட்டுல வயரை நான் மாட்டிக்கிடுதேன். நீங்க காபி போடுங்க."