குளத்துக்கு இடப்பக்கம்

காலை எட்டு மணி. பங்களா நூலகத்தைத் திறந்த நூலகர் மேஜைமேல் இருந்த உறையைப் பிரித்தார். உள்ளே படம் இல்லை. பூட்டு உடையவுமில்லை.

அந்தக் காலத்தில் எஸ்டேட் முதலாளிகள் தோட்டத்தைச் செப்புத்தகட்டில் படமாக வெட்டச் சொல்லி, அச்சடித்து ஊருக்கெல்லாம் கொடுத்துப் பீற்றிக்கொள்வார்கள். இது அப்படியொரு படம். முதல் பிரதியில் மட்டும் தோட்டக்காரர்களின் வீடுகள் உண்டு. அழகு கெடுகிறதாம், பிறகு தகட்டிலிருந்தே சுரண்டிவிட்டார்கள். அந்தப் புண்ணியவான்களின் பேரன்தான் இன்றைய முதலாளி. வீடுகள் நேற்று முளைத்தவை, இடிக்க வேண்டும் என்று வழக்குப் போட்டிருக்கிறார். நாளை விசாரணை. வீடுகள் பழையவை என்பதற்கு இருந்த ஒரே சாட்சி, காணாமல்போன அந்த முதல் பிரதிதான்.

“போட்டோ எடுத்தீங்களா?” என்றார் தகவல் கேட்டு வந்த இன்ஸ்பெக்டர் அம்மாள்.

“நேத்து சாயங்காலம்தான் பழைய பெட்டி ஒண்ணுக்கு அடியில கிடைச்சுது மேடம். தோட்டக்காரர்கிட்ட, உங்க வீடு இதுல இருக்குன்னு மட்டும் சொன்னேன். யாருக்கும் காட்டல.”

சுவரில் சுரண்டிய பிரதி ஒன்று தொங்கியது. குளம், இடப்பக்கம் படிக்கட்டு. அம்மாள் ஜன்னல் வழியே குளத்தைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார்.

வாசலில் தோட்டக்காரர் நின்றார்.

“யார்கிட்ட சொன்னீங்க?”

“பொண்ணுகிட்ட, மாப்பிள்ளைகிட்ட. வேற யாருமில்லைங்க.”

“இங்கேருந்து பார்த்து வரைஞ்ச படம். உங்க வீடு குளத்துக்கு எந்தப் பக்கம் இருக்கும்?”

“இதென்ன கேள்விங்க. வலப்பக்கம். அதோ தெரியுதே.”

மாப்பிள்ளையைக் கூப்பிட்டார்கள். அவன் முதலாளியின் டிரைவர். “நூலகத்துப் பக்கமே போனதில்ல மேடம்.”

“படத்துல உங்க வீட்டை எந்தப் பக்கம் போட்டிருக்கான்?”

“இடப்பக்கம்.”

பட்டென்று வந்துவிட்டது.

“படம் போட்டவன் பார்த்தது பார்த்தபடியே தகட்டுல வெட்டியிருக்கான். அச்சுல கண்ணாடி மாதிரி திரும்பிடும்; வலப்பக்கம் இருக்கிற படிக்கட்டு சுவத்துப் படத்துல இடப்பக்கம் இருக்கே, அப்படி. வலப்பக்க வீட்டுல தினமும் தூங்கி எழுந்திரிக்கிற ஆளு இடப்பக்கம்னு சொன்னா, படத்தைப் பார்த்திருக்கணும். எங்க அது?”

“எரிச்சுட்டேன்.” அவன் மாமனாரைப் பார்க்கவில்லை. “நான்தான் முதலாளிகிட்ட போய்ச் சொன்னேன். சாவி குடுத்தார். டவுன்ல வீடு தர்றேன்னார். உங்க பொண்ணுக்காகத்தான் மாமா.”

சாவி திருட்டுப்போனது என்று முதலாளி மாடியிலிருந்தே சொல்லி அனுப்பினார். அதை மறுக்க மாப்பிள்ளையின் வாயைத் தவிர வேறு சாட்சி இல்லை. ஜீப்பில் ஏறியது மாப்பிள்ளை மட்டும்.

தோட்டக்காரர் படியில் உட்கார்ந்துவிட்டார்.

“கண்டுபிடிச்சுட்டீங்க. வீடும் போச்சு, மாப்பிள்ளையும் போயாச்சு. என் பொண்ணு மாசமா இருக்கா. அவகிட்ட யாருங்க சொல்றது, நீங்களா, நானா?”

அம்மாள் தொப்பியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.