நாலாம் நம்பர் செட்டு

கிடங்குக் கணினியைப் பழுதுபார்க்க வந்திருந்த அவள் எதிரில் அண்ணன் நின்று தேநீர் குடித்துக்கொண்டிருந்தான். ஆனால் திரையில் அவன் இன்னும் குளிர் அறைக்குள்ளேயே இருந்தான்.

நாற்பது நிமிடத்துக்கு முன் அவன் அனுப்பிய ‘உள்ளே’ என்ற செய்தி இப்போதுதான் வந்து விழுந்தது. ‘வெளியே’ இன்னும் வரவில்லை.

“பாத்தியாம்மா? மத்த கம்ப்யூட்டர் எல்லாம் சிட்டாப் பறக்குது. இது மட்டும் ஆமை” என்றார் மேற்பார்வையாளர்.

“ஆமை கூட ஒரு நாள் போய்ச் சேந்துடும் சார்” என்றான் அண்ணன்.

அந்தக் கிடங்கில் அது சட்டம். உறைகுளிர் அறைக்குள் போகிறவன் சுவர்க் கொக்கியில் தொங்கும் கிடங்குக் கைப்பேசிகளில் ஒரு செட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, செயலியின் குழுவில் ‘உள்ளே’ என்று போட வேண்டும். வந்ததும் ‘வெளியே’. இருபது நிமிடம் தாண்டினால் ஆள் போய்த் தேட வேண்டும். மேற்பார்வையாளர் கதவைப் பார்க்கமாட்டார், திரையைத்தான் பார்ப்பார். பழகிவிட்டது.

வாசலில் லாரி ஒலி கேட்டு அவர் கிளம்பினார். அண்ணன் தடித்த ஆரஞ்சு கோட்டை மாட்டினான்.

“இது சரியாகட்டும்ணா. அப்புறம் போ.”

“ரிப்பேர் பாக்கறதே என் தங்கச்சி. எனக்கென்ன பயம்?”

கதவு பெருமூச்சு போல ஒரு சத்தத்தோடு மூடிக்கொண்டது. சோதனைக்காகக் குழுவில் சேர்த்திருந்த அவளுடைய கைப்பேசியில் உடனே வந்தது: இரண்டாம் செட்டு, ‘உள்ளே’. மணி மூன்று பத்து. கணினித் திரையில் ஒன்றும் இல்லை.

அவள் செயலியை மூடித் திறந்தாள். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. கம்பியை மாற்றினாள், இணையம் சரியாகத்தான் இருந்தது. கணினிப் பெட்டிக்குள் விசிறி மூச்சிரைக்க ஓடியது. சுவருக்கு அப்பால் குளிரூட்டும் எந்திரத்தின் முனகல், ஈர அட்டைப்பெட்டி வாசனை, கதவின் கீழ் விளிம்பிலிருந்து தரையோடு ஊர்ந்து வந்து அவள் கணுக்காலைத் தொட்ட குளிர், எல்லாம் சேர்ந்து அந்தச் சின்ன அறையை இன்னும் சின்னதாக்கின. செயலியின் பதிவேட்டைத் திறந்தாள். அப்போதுதான் தெரிந்தது. ஒரே ஒரு செய்தி. திரைக்கு வர முட்டி, முடியாமல் திரும்பி, மறுபடி முட்டிக்கொண்டிருந்தது. நொடிக்கு ஒரு முறை. இரண்டு வருடமாக.

அனுப்பியது நாலாம் செட்டு.

சுவரில் மூன்று கொக்கிகள்தான் இருந்தன. மேற்பார்வையாளரைக் கைப்பேசியில் கூப்பிட்டாள்.

“சார், நாலாம் நம்பர்னு ஒரு செட்டு இருக்கா?”

“அதுவா? ஒருத்தன் சொல்லாம கொள்ளாம வேலைய விட்டு நின்னான்மா. அதையும் தூக்கிட்டுப் போயிட்டான்.”

“அவர் ‘வெளியே’ போட்டாரா?”



“அன்னைக்கும் இந்த மிஷின் இழுத்துக்கிட்டுதான் இருந்துச்சு” என்றார், குரலைத் தாழ்த்தி. “உள்ள நாலு தடவ தேடினோம். யாருமே இல்லம்மா.”

மூன்று இருபத்தாறு. அந்தச் செய்தியை நீக்கலாம். நீக்க மனம் வரவில்லை. விட்டுவிட்டால் அண்ணனின் செய்தி அதற்குப் பின்னால் வரிசையில் நிற்கும். வேறு வழியில்லை. அதைத் திரைக்கு விட ‘அனுமதி’யை அழுத்தினாள்.

விசிறி சட்டென்று அடங்கியது. திரை பளிச்சென்று வேகமானது. இரண்டாம் செட்டு: ‘உள்ளே’. அதன் கீழே நாலாம் செட்டு:

‘இன்னும் உள்ளேதான் இருக்கேன்.’

‘அண்ணா வெளியே வா’ என்று அடித்தாள். எழுத்துப்பிழையோடு போனது.

மூன்று இருபத்தொன்பது.

இரண்டாம் செட்டு எழுதுகிறது, என்றது திரை. நாலாம் செட்டு எழுதுகிறது. இரண்டும் ஒன்றாக நின்றன. ஒன்றாகத் தொடங்கின.

முந்தி வந்தது நாலாம் செட்டு.

‘வெளியே.’

எந்திரத்தின் முனகல் நின்றது. கதவு திறந்தது. வெண்மூட்டம் தரையில் கொட்டியது. அதற்குள் ஆரஞ்சு கோட்டு.

“அண்ணா!”

கோட்டு அண்ணனுடையது. நடை அண்ணனுடையது அல்ல. குனிந்த தலை, முகம் முழுக்க உறைபனி. அவள் பக்கம் திரும்பாமலே அது கையைப் பின்னால் நீட்டிக் கதவை இழுத்துச் சாத்தியது. தாழ்ப்பாளைப் போட்டது. பழகிய கை.

அவள் எழுந்தாள்.

திரை மின்னியது. இப்போது தாமதமே இல்லை. இரண்டாம் செட்டு:

‘தங்கச்சி, கதவ ஏன் சாத்தற?’

கதவிலிருந்த வட்டக் கண்ணாடியில், உள்பக்கமாக, கையுறையில்லாத ஒரு கை வந்து பதிந்தது. ஒவ்வொரு விரலாக ஒட்டிக்கொண்டது. அதன் எதிரே, இந்தப் பக்கம், ஆரஞ்சு கோட்டு அசையாமல் நின்றது. அதன் முகத்துப் பனியில் ஒரு சொட்டுகூட உருகவில்லை.