பழைய பிளாஸ்திரி

ஸோனியா அம்மாள் போனில் நன்றிதான் சொல்லிக்கொண்டிருந்தாள். கொலீனை உறுத்தியது அந்தக் குரலுக்குப் பின்னால் கேட்ட மூச்சு. ஒரு நீண்ட இழுப்பு. அப்புறம் ஒன்றுமில்லை, ஒன்றுமே இல்லை. இவள் பயந்துபோய் வாயைத் திறக்கிற நேரத்தில், போனால் போகிறதென்று இன்னொரு இழுப்பு.

"மெத்ரோ இப்பல்லாம் வலின்னு ஒரு வார்த்தை சொல்றதில்ல கண்ணு. அப்படி ஒரு தூக்கம்! நீ குடுத்த பிளாஸ்திரி நல்லா வேலை செய்யுது."

பாதி ஆயுசை நர்ஸாக ஓட்டிவிட்டு, தானே மருந்து எழுதிக்கொடுக்கும் உரிமைக்காக சஸ்காட்செவன் மாகாணத்தின் அந்தச் சின்ன ஊர் மருத்துவ நிலையத்தில் பயிற்சியில் இருந்தாள் கொலீன். ஸோனியாவின் கணவர் மெத்ரோவின் முதுகெலும்புப் புற்றுவலிக்கு அந்தப் பிளாஸ்திரியை, மேற்பார்வையோடு, அவள்தான் எழுதினாள். மார்ஃபினைவிடப் பல மடங்கு வீரியம். தோலில் ஒட்டினால் மூன்று நாளைக்கு மருந்து உள்ளே இறங்கிக்கொண்டே இருக்கும்.

"பழசை எப்போ எடுத்தீங்க ஸோனியாம்மா?"

"எடுக்கறதா? நீ சொல்லலையே. அதுல இன்னும் மருந்து மிச்சம் இருக்குமில்ல, எதுக்கு வீணாக்கணும்?"

கொலீன் சொல்லவில்லைதான். புதுசை ஒட்டுங்கள் என்றாளே தவிர, பழசைப் பிய்த்தெறியுங்கள் என்று வாய்விட்டுச் சொல்லவில்லை. இதையெல்லாமா சொல்ல வேண்டும் என்று ஒரு மிதப்பு. இந்தப் பண்ணைவீட்டுப் பெரியவர்கள் ரொட்டி வந்த பையைக்கூடக் கழுவிக் காயப்போடுகிறவர்கள். புரியாவிட்டாலும் கேட்க மாட்டார்கள். சரி சரி என்று தலையாட்டி, நர்ஸ் கையில் ஒரு டப்பா பெரோகிக் கொழுக்கட்டையைத் திணித்துவிட்டுப் போவார்கள். இங்கேயே பிறந்து வளர்ந்தவளுக்கு இது தெரியாதா என்ன?

"எல்லாத்தையும் பிய்ங்க! இப்பவே!" என்று கத்தினாள். லைன் ஏற்கெனவே செத்துப்போயிருந்தது.

அவளுக்குப் பயிற்சி கொடுத்த பெர்ல் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள். "இந்தப் பனியில அவன் வந்து சேர நேரமாகும். நீ ஓடு. முறிமருந்தை எடுத்துக்கோ. அழறதை அப்புறம் வெச்சுக்கலாம்டி."

சாயங்காலமே இருட்டத் தொடங்கியிருந்தது. பனி மூடிய கோதுமை வயல்களுக்கு நடுவே அந்த ஒற்றை வீடு. காரைவிட்டு இறங்கியதுமே மூச்சு கேட்டது. சாத்திய கதவு, இரட்டைக் கண்ணாடி ஜன்னல், காதை மூடிய கம்பளித் தொப்பி, இத்தனையையும் தாண்டிக் கேட்டது. கேட்க வாய்ப்பே இல்லை. ஆனாலும் அவளுக்கு அழுகையோடு ஒரு சந்தோஷம் பொங்கியது. இருக்கிறார், கடவுளே, இன்னும் இருக்கிறார்.

சமையலறையில் முட்டைக்கோஸ் வெந்த வாடை, அதற்கு அடியில் நர்ஸ்களின் மூக்குக்குப் பழகிப்போன, லேசாக இனிக்கிற வேறொரு வாடை, தரைப்பலகை வழியே உள்ளங்காலில் ஏறுகிற அந்த இழுப்பு. படுக்கையறையில் விளக்கில்லை. கட்டிலோரம் ஸோனியா உட்கார்ந்திருந்தாள்.

"மெதுவா வா கண்ணு. முந்தாநேத்துலேர்ந்து அசையாம தூங்குறாரு."

மெத்ரோ சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். கழுத்துவரை மின்சாரப் போர்வை. சூடு பட்டால் மருந்து இன்னும் வேகமாக இறங்கும். ஐயோ, அதையும் அவள் சொல்லவில்லை.

போர்வையை உருவினாள். முதுகெல்லாம் பிளாஸ்திரி. பிய்த்தாள். தோல் சூடாக இருந்தது. சூடு இருந்தால் உயிர் இருக்கும். பிய்த்தாள். எறிந்தாள். முறிமருந்து ஸ்ப்ரேயை மூக்கில் வைத்து அழுத்தினாள்.

"மெத்ரோ! கண்ணைத் திறங்க!"

தாடையைப் பிடித்தாள். அசையவில்லை. மரமாக இறுகியிருந்தது.

போர்வைக்கு வெளியே கிடந்த பாதத்தைத் தொட்டாள். பனிக்கட்டி.

இமையைத் தூக்கினாள். கருவிழி காய்ந்து மங்கியிருந்தது.

மார்பில் காதை வைத்தாள். ஒன்றுமில்லை.

மூச்சு மட்டும் வந்தது. எங்கிருந்து? மூக்கில் கை வைத்தாள். காற்றில்லை. ஆனாலும் வந்தது. அறை முழுக்க.

நின்றது.

அந்த இறுகிய பல்லுக்குள்ளிருந்து ஒரு முனகல் எழுந்தது. முறிமருந்து ஏறினால், அடங்கிக் கிடந்த வலி அத்தனையும் ஒரே நேரத்தில் திரும்பும். கொலீன் படித்திருக்கிறாள். வலி திரும்பிவிட்டது. அவர் திரும்பவில்லை.

"அவருக்கு வலிக்குது!" ஸோனியா எழுந்து நின்றாள். "அடிப்பாவி, எதுக்குப் பிய்ச்சே? ஒட்டுடி! திரும்ப ஒட்டு!"

கொலீன் முழங்காலிட்டுத் தரையில் துழாவினாள். ஒன்றை எடுத்து அவர் முதுகில் அழுத்தினாள். ஒட்டவில்லை. இன்னொன்று. நழுவியது. இன்னொன்று. இரண்டு உள்ளங்கையாலும் அழுத்திப் பிடித்தாள். மூடிய வாய்க்குள்ளேயே முனகல் அலறலாக ஏறியது. அலறுகிறவர்கள் நடுவில் மூச்சு வாங்க நிறுத்துவார்கள். அவளும் அதற்காகக் காத்திருந்தாள். மெத்ரோவுக்கு மூச்சு தேவைப்படவில்லை.