கறுத்த பல்

சட்டி காலியாகக் கிடந்ததைக் காலையில் முதலில் பார்த்தவள் மாமியார் ஷிமா.

"ஏண்டி கினு... பல்லுக்குப் பூசுற மை எங்கடி? துருப்பிடிச்ச ஆணியெல்லாம் பொறுக்கிப் போட்டு ஊறவச்சேனே! புருஷன் சண்டையிலேருந்து ஓடிட்டான்னு ஊரே காறித் துப்புது... நீ சிங்காரிச்சுக்கிட்டியா?"

கினு வாயைத் திறக்கவில்லை. கல்யாணமான பெண்கள் பல்லைக் கறுப்பாக்கிக்கொள்வது அந்த ஊர் வழக்கம்; திறந்தால் தன் பல்லில் மை வெளிறியிருப்பதும், அவள் பூசிக்கொள்ளவில்லை என்பதும் தெரிந்துவிடும்.

கோட்டை நேற்று விழுந்தது. அதற்கு முந்தின மாலை அவள் புருஷன் ஹெய்சுகே அடுப்படியில் வந்து உட்கார்ந்து, "எனக்குப் பூசிவிடு" என்றான். கோட்டைப் பிரபுவின் பல்லும் கறுப்பு. சேவகர்கள் பல்லைக் கறுப்பாக்குவதில்லை. பிரபுவுக்கும் அவனுக்கும் ஒரே வயது. ஷிமா இருவருக்கும் பால் கொடுத்தவள். நடக்கத் தெரிந்த நாள் முதல் அவன் பிரபுவின் பின்னாலேயே நின்றான். இனி பிரபுவின் கவசத்தைப் போட்டுக்கொண்டு சாகப்போகிறான். பிரபு கரி சுமப்பவன் வேஷத்தில் மலை ஏறித் தப்ப வேண்டும்.

"அம்மாகிட்ட சொல்லிடாதே. அவளுக்கு எதையும் மறைக்கத் தெரியாது."

இப்போது வாசலில் எதிரியின் ஈட்டிக்காரர்கள் இரண்டு பேர். "பிரபுவுக்குப் பால் குடுத்த கிழவி யாரு? வெட்டின தலையைப் பார்த்து அடையாளம் சொல்லணும். வா!"

கினு ஷிமாவின் கையைப் பிடித்து நடந்தாள். வழியிலேயே சொல்லிவிடலாமா? ஈட்டிக்காரர்களின் மூச்சு பிடரியில் பட்டது.

கோவில் முற்றத்தில், மரத்தட்டில், தலைமேல் துணி போர்த்தியிருந்தது. தளபதி துணியை எடுத்தான். முகத்தில் பாதி கருகியிருந்தது. ஷிமா குனிந்து கட்டைவிரலால் மேலுதட்டைத் தூக்கினாள். கறுப்புப் பல். விரல் மெதுவாகக் காதுக்குப் பின்னால் போனது. ஹெய்சுகே சின்ன வயதில் கணப்புச் சட்டியில் விழுந்து சுட்டுக்கொண்ட தழும்பு அங்கே இருந்தது. விரல் அங்கேயே நின்றுவிட்டது.

கினு அவள் வாயையே பார்த்தாள். அந்தப் பெயர் வெளியே வந்தால் குதிரைகள் மலைக்குப் பாயும். அவன் செத்தது வீண்.

"என்ன கிழவி, வாயில கொழுக்கட்டையா?"

"ஐயோ... என் எஜமானே!" ஷிமா தலையை அள்ளி மார்போடு அணைத்துக்கொண்டாள். "உன்னை இப்படியா பார்க்கணும் நான்! அந்த ஹெய்சுகே நாய் உன்னை விட்டுட்டு ஓடிட்டானே... அவனைப் பெத்த வயிறு பத்தி எரியட்டும்!"

வீரர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். தளபதி மட்டும் கினுவையே பார்த்தான். "இவ யாரு? கல்லு மாதிரி நிக்கிறா. உதடு மட்டும் நடுங்குது?"

ஷிமா எழுந்து வந்து ஓங்கி அறைந்தாள். "ஓடிப்போனவன் பெண்டாட்டி! பிரபு செத்துக் கிடக்காரு, ஒரு சொட்டுக் கண்ணீர் வருதா பாருங்க... அழுடி! அழுது தொலை!"

கினு அழுதாள். தரையில் விழுந்து, நெற்றியை மண்ணில் இடித்து, அடித்தொண்டையிலிருந்து அழுதாள். அறை வாங்கியவள் அழுவதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. தளபதி கையசைத்து இருவரையும் போகச் சொன்னான்.

வீட்டுக் கதவைச் சாத்தியதும் ஷிமா அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"நீதான் பூசிவிட்டியா?"

"ஆமா அத்தை... கசக்குதுன்னு சிரிச்சாரு."

"கஷாயத்துக்கும் அப்படித்தான் சிரிப்பான்..." ஷிமா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "எங்கிட்ட ஏண்டி சொல்லல?"

"உங்களுக்கு மறைக்கத் தெரியாதுன்னாரு..."

"பைத்தியக்காரன்!" கினுவின் வீங்கிய கன்னத்தைத் தடவினாள். "ரொம்ப வலிக்குதாடி?"

"அந்த அறை மட்டும் விழலேன்னா நான் அவர் பேரைச் சொல்லிக் கத்தியிருப்பேன், அத்தை."

சத்தம் வெளியே போகாமல், ஒருத்தி தோளை ஒருத்தி கடித்துக்கொண்டு அழுதார்கள். வாசலில் கல் ஒன்று வந்து விழுந்தது. "ஓடுகாலி வீடு!"

மறுநாள் காலை தெருமுனையில் ஈட்டிகள் நின்றன. ஷிமா வாசலுக்கு வந்து ஊர் கேட்கக் கத்தினாள்: "ஏண்டி ஓடுகாலி பெண்டாட்டி! தண்ணி எடுக்க இவ்வளவு நேரமா?"

கினு தலைகுனிந்து வாளியோடு உள்ளே வந்தாள். கதவு மறைவில் கிழவி அவள் கையை இறுகப் பற்றிக்கொண்டு, வெளியே பார்த்து இன்னும் உரக்கத் திட்டினாள்.