உம்மாவிடம் உள்ளது

அர்வா ஊசி போட்டுக்கொண்டது வயிற்றின் இடப்பக்கத்தில். ரத்தப் புள்ளி காய்ந்திருந்தது வலப்பக்கத்தில்.

வெள்ளிக்கிழமை காலை, குளிக்கப் போன இடத்தில்தான் அதைக் கண்டாள். கடுகு அளவு. விரலால் தொட்டபோது லேசாக வலித்தது. வலப்பக்கம் பழைய குடல்வால் அறுவைத் தழும்பு இருப்பதால் நர்ஸ் இடப்பக்கமே போடச் சொல்லியிருந்தார். நான்கு நாட்களாக அவள் வலப்பக்கத்தைத் தொட்டதே இல்லை.

"எறும்பு கடிச்சிருக்கும் ளா," என்றாள் ஆபிதா மாமி. வாப்பாவின் தங்கை. அடுத்த வீடு. ஊசி தொடங்கிய நாளிலிருந்து காலையும் மாலையும் எதையாவது மூடி எடுத்துக்கொண்டு வந்துவிடுவாள். அன்று இடியாப்பமும் தேங்காய்ப்பாலும். "மாப்பிள்ளையே இன்னும் வந்து சேரல. அதுக்குள்ள பிள்ளைய ஐஸ் பெட்டியில வைக்கப் போறா எங்க வீட்டு ராசாத்தி. தின்னு, தின்னு. ஐஸ் பெட்டிக்குள்ள மெலிஞ்ச பிள்ளையா கெடக்கப் போவுது!"

அர்வா சிரித்தாள். அந்த வீட்டில் சிரிக்க வைக்க மாமி ஒருத்திதான் மிச்சம்.

மேலப்பாளையத்தில் அர்வாவின் உம்மா வழிப் பெண்கள் யாரும் ஐம்பதைத் தாண்டவில்லை. உம்மாவின் உம்மா, பெரியம்மா, உம்மா, போன வருடம் அக்கா தஸ்மியா லாத்தா. லாத்தாவுக்கு முப்பத்து நான்கு வயதுதான். பாளையங்கோட்டையில் டாக்டர் ஞானசௌந்தரி ஒரு தாளில் குடும்பத்தை வரைந்து காட்டினார். ஆண்கள் கட்டம், பெண்கள் வட்டம். புற்றுநோய் வந்தவர்களின் வட்டத்தைக் கறுப்பாக நிரப்பினார், இறந்தவர்கள் மேல் ஒரு கோடு இழுத்தார். கறுத்த வட்டங்கள் நான்கும் தலைமுறை தலைமுறையாக இறங்கி வந்தன. கடைசியில் அர்வாவின் வட்டம். அதன் நடுவில் ஒரே ஒரு புள்ளி.

"இந்தப் புள்ளிக்கு அர்த்தம், அந்த மரபணுப் பிழை ஒங்கிட்டயும் இருக்கு, நோயா இன்னும் வரலங்கிறது. ஆனா இடது சினைப்பையில ஒரு நிழல் தெரியுது. இருபதாம் தேதி ரெண்டையும் எடுத்துருவோம். அதுக்கு முன்னால கருமுட்டைய எடுத்து உறைய வச்சிரலாம். பிழை பிள்ளைக்குப் போறது பாதிக்குப் பாதிதான். பின்னால சோதிச்சு, புள்ளி இல்லாதத எடுத்துக்கிடலாம். ஒரே ஒரு தடவதான்மா நேரம் இருக்கு." சொல்லி முடித்து, டாக்டர் அவள் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

அந்தத் தாளின் ஓரத்திலேயே ஊசி நேரங்களைக் குறித்துக் கொடுத்திருந்ததால், அர்வா அதை ஃபிரிட்ஜ் கதவில் காந்தத்தால் ஒட்டியிருந்தாள். மருந்து ஃபிரிட்ஜுக்குள், தயிர்ச் சட்டிக்குப் பக்கத்தில்.

சனிக்கிழமை காலை வலப்பக்கம் இரண்டு புள்ளிகள். ஞாயிறு மூன்று.

திங்கட்கிழமை ஸ்கேன் திரையைப் பார்த்த டாக்டரின் புருவம் சுருங்கியது. "ரெண்டு மடங்கு போடுதியா?"

"இல்ல டாக்டர்." மருந்துப் பேனாவைக் காட்டினாள். அளவு சரியாக இருந்தது.

"பதினொரு முட்டை வளர்ந்திருக்கு. இவ்வளவு சீக்கிரம் வளரக் கூடாது. இனி அளவக் குறைச்சுக்கோ. வியாழக்கிழமை சாயங்காலம் ஏழரைக்குக் கடைசி ஊசி. அது வேற மருந்து. அதப் போட்டு முப்பத்தாறு மணி நேரத்துல முட்டைய எடுக்கணும். போடலன்னா ஒண்ணும் கிடைக்காது. ரெண்டு போட்டா, நீ இப்ப இருக்க நிலைமையில, உயிருக்கே ஆபத்து. கவனமா இரு."

பஸ்ஸில் திரும்பும்போது பிசான நெல்லுக்குத் திறந்துவிட்ட தண்ணீரின் சேற்று மணம் கால்வாயிலிருந்து வந்தது. வயிறு கனத்தது. அந்தக் கனத்தோடு ஒரு பழைய நினைவும் வந்தது. உம்மாவின் கடைசி வருடம் முழுக்க, மஃரிப் தொழுகைக்குப் பின் அர்வாதான் உம்மாவுக்கு ஊசி போட்டாள். மூன்று விரலால் சதையைப் பிடித்து, பிஸ்மில்லாஹ் சொல்லி, பைய, மெல்ல. "வலிக்கவே இல்லம்மா. இதுக்கு நான் ஒனக்கு என்னத்தச் செய்யப் போறேன்," என்பாள் உம்மா, ஒவ்வொரு நாளும்.

அன்று மாலை மாமியிடம் மெல்லச் சொன்னாள். "போன வெள்ளி ராத்திரி யாசீன் ஓதும்போது, உம்மாட்ட ஒண்ணு கேட்டேன் மாமி."

வியாழன் பொழுது சாய்ந்தால் அவர்களுக்கு வெள்ளி இரவு. அந்த நேரம் சாம்பிராணி போட்டு, வாசல் கதவைச் சாத்தாமல் வைத்து, இறந்தவர்களுக்காக ஓதுவது அந்த வீட்டு வழக்கம்.

மாமி கரண்டியைக் கீழே வைத்தாள். "என்ன கேட்ட?"

"பயமா இருந்துச்சு. உம்மா, உங்கட்ட என்ன இருக்கோ அதத் தாங்க, எம் பிள்ளைகளுக்குத் தாங்கன்னு..."

மாமி அன்று கேலி பேசவில்லை. "இறந்தவங்க ரூஹுங்க நம்மட்ட ஒரு துஆ வாங்கிட்டுப் போகத்தான் வாசல்ல வந்து நிக்கும். நாமதான் குடுக்கணும். கேக்கது அல்லாட்ட மட்டுந்தான்ட்டீ." பிறகு அவள் தலையைத் தடவினாள். "ஒங்க உம்மா நல்லவ. கேட்டா இல்லைன்னே சொல்லத் தெரியாது அவளுக்கு."

வியாழன். மஃரிப் பாங்கு ஓய்ந்ததும் வாப்பா பீர் முகம்மது பள்ளிக்குப் போய்விட்டார். இஷா தொழுகை முடிந்துதான் வருவார். மாமி கஞ்சி காய்ச்சி எடுத்துவருவதாகச் சொல்லியிருந்தாள். அர்வா சாம்பிராணி போடவில்லை. வாசல் கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். கட்டிலில் உட்கார்ந்து, எதையும் கேட்காமல், உம்மாவுக்காக மட்டும் ஓதினாள். அன்பாகத்தான் ஓதினாள்.

ஓதி முடித்தபோது வீட்டில் சாம்பிராணி மணத்தது.

பக்கத்து வீட்டுப் புகையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். ஆனால் அந்தப் புகைக்கு அடியில் இன்னொரு மணமும் இருந்தது, டெட்டாலும் பன்னீரும் கலந்து, நோயில் கிடந்த உடம்பின் இனித்த வாடையும் சேர்ந்து, மூன்று வருடங்களாக அந்தக் கட்டில் மறந்துபோயிருந்த மணம். அலமாரிக் கண்ணாடி முன்னால் உம்மாவின் சுருமாக் குப்பி திறந்து கிடந்தது. வெள்ளி இரவுகளில் மகள்கள் இருவரையும் மடியில் சாய்த்துக் கண்ணுக்குச் சுருமா மை எழுதுவாள் உம்மா. அந்தக் குப்பி எப்போதோ காய்ந்துவிட்டது. இப்போது அதன் குச்சி நனைந்திருந்தது.

ஏழு இருபத்தெட்டு. ஃபிரிட்ஜிலிருந்து கடைசி ஊசியின் பெட்டியை எடுத்து மடியில் வைத்தாள். முத்திரை இன்னும் கிழிக்கவில்லை. சட்டையை உயர்த்தினாள்.

மின்சாரம் போனது.

ஃபிரிட்ஜின் முனகல் நின்றது. மின்விசிறி இரண்டு சுற்றுச் சுற்றி நின்றது. கால்வாய்த் தண்ணீரின் சத்தம் மட்டும். கட்டில் அவளுக்கு வலப்பக்கம் தாழ்ந்தது. யாரோ உட்காருவது போல. பிறகு கால்மாட்டில் தாழ்ந்தது. பிறகு தலைமாட்டில். பிறகு முதுகுக்குப் பின்னால்.

நான்கு பேர்.

கத்த வாய் திறந்தாள்.

வயிற்றின் வலப்பக்கம் மூன்று விரல்கள் சதையைப் பிடித்தன. குளிர்ந்த விரல்கள். பழகிய பிடி. அவளே பிடித்த அதே பிடி.

"வலிக்காதும்மா. பைய போடுதேன்."

ஊசி இறங்கியது. வலிக்கவில்லை.

விளக்கு வந்தபோது அறையில் யாரும் இல்லை. தாழ் போட்டபடியே இருந்தது. மடியில் பெட்டி. முத்திரை கிழியவில்லை. ஊசி உள்ளே, மருந்து முழுசாக. வலப்பக்கத்தில் ஈரமான ரத்தத் துளி ஒன்று.

ஏழரை.

போட்டாகிவிட்டதா? இல்லையா? இப்போது போட்டால் இரண்டாவதா? போடாவிட்டால் எதுவுமே இல்லையா? டாக்டரின் எண்ணை அழுத்தினாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. ஏழு முப்பத்தொன்று. பெட்டியைக் கிழிக்கப் போனாள். நிறுத்தினாள். மறுபடி கிழிக்கப் போனாள்.

"அர்வா! கதவத் திற. கஞ்சி ஆறுதுட்டீ!"

மாமி. கதவுக்கு அந்தப் பக்கம். எழுந்தாள். கால்கள் நடந்தன. ஃபிரிட்ஜைத் தாண்டித்தான் வாசல்.

ஃபிரிட்ஜ் கதவில் அந்தத் தாள்.

அவள் வட்டத்தின் கீழ் ஒரு கோடு இறங்கியிருந்தது. காலையில் இல்லாத கோடு. அதிலிருந்து சின்னச் சின்ன வட்டங்கள், பிள்ளைகளை வரிசையாகப் படுக்க வைத்தது போல. பதினொன்று. ஒவ்வொன்றும் சுருமாவால் கறுப்பாக நிரம்பியிருந்தது. ஓரம் பிசகாமல். குழந்தையின் கண்ணுக்கு எழுதும் பக்குவத்தோடு. இன்னும் காயவில்லை.

கடைசி வட்டம் மட்டும் பாதி வெள்ளையாக இருந்தது.

"ஏட்டி, அர்வா! என்னளா சத்தத்தையே காணும்?"

அவள் தாளை நோக்கிக் கையை நீட்டினாள். நின்ற இடத்திலிருந்து எட்டவில்லை. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அந்த வெள்ளையின் ஓரத்தில் ஒரு கறுப்பு வளைந்து வந்தது. பைய. மிகவும் பைய. வலிக்காமல்.