தறிக்கு மாத்து ஆள்

காது போய்ப் பதினொரு வருடமான மேலாவுக்கு, நவம்பர் மாத மதியம் ஒன்றில், முட்டைக்கோஸ் நறுக்கிக்கொண்டிருந்தபோது தறி ஓடும் சத்தம் கேட்டது. ஓசோர்குஃப் ஊர் நெசவாலையில் முப்பது வருடம் கேட்டுக் கேட்டு அவள் காதையே தின்றுவிட்ட அந்தச் சத்தம், எண்ணெயும் ஈரப் பஞ்சும் கலந்த வாடையோடு, மேசை வழியாக முழங்கை வரை ஏறியது.

மகள் பேலாவிடம் சொன்னாள். பேலா, அம்மாவுக்குப் புரிகிற மாதிரி உதட்டை நன்றாக அசைத்துச் சிரித்தாள்.

“நான் தொண்டை கிழியக் கத்துனா கேக்காது, மூடிக் கிடக்கிற ஆலை மட்டும் கேக்குதாக்கும்! நல்ல காதும்மா ஒனக்கு.”

புருஷன் போன பிறகு மேலாவுக்கு இந்த உலகத்தில் மிச்சம் அந்தச் சிரிப்பு ஒன்றுதான். பேலா மஞ்சள் ஸ்வெட்டரை மாட்டி, கூடையை எடுத்துக்கொண்டு, முற்றத்துக்கு அப்பால் இருக்கும் நிலவறைக்கு உருளைக்கிழங்கு எடுக்கப் போனாள்.

மேலா ஜன்னலருகே போனாள். எதிரே ஆலை. கூரை விழுந்து, மேல்தளங்கள் எல்லாம் இடிந்து, வெறும் சுவர்தான் நிற்கிறது. அதன் மூன்றாம் மாடி ஜன்னலில் தலைத்துணி கட்டிய நான்கு பெண்கள் நின்றார்கள். தறி இரைச்சலில் நெசவுக்காரிகள் பேசிக்கொள்வதுபோல உதட்டால் மட்டும் பேசினார்கள்.

“மாத்து ஆள் இன்னும் வரல. தறிய விட்டுட்டு எப்படிப் போறது?”

“கீழ போறா பாரு ஒரு பொண்ணு. சின்ன வயசு.”

கீழே முற்றத்தில் போய்க்கொண்டிருந்தது பேலா. மேலா சத்தம் போட்டு மகளைக் கூப்பிட்டிருக்கலாம். ஆலைப் பழக்கம், உதடுதான் அசைந்தது.

“அவ வேணாம். நான் வர்றேன்.”

“பேரு?”

மாத்து ஆள் பெயர் சொன்னால்தான் தறி கைமாறும்.

“மேலா.”

நால்வரும் தலையாட்டினார்கள். மேலா கண்களை இறுக மூடிக்கொண்டாள். ஒன்றும் ஆகவில்லை. திறந்தாள். முற்றத்தில் கூடை மட்டும் கிடந்தது.

அப்போதுதான் உறைத்தது. மேலா. பேலா. உதட்டசைவில் இரண்டும் ஒன்று.

மேலே இப்போது ஒருத்திதான். தலைத்துணி. மஞ்சள் ஸ்வெட்டர். காலுக்குக் கீழே தளமில்லை. கைகள் ஓடிக்கொண்டிருந்தன. முன்பின் தெரியாதவளைப் பார்ப்பதுபோல அம்மாவைப் பார்த்தாள்.

“மாத்து ஆளா? பேரு?”

“மேலா!” மேலா கண்ணாடியில் அறைந்தாள். “மேலா! மேலா!”

மகளின் உதடு மெதுவாக அசைந்தது.

“பேலாவா? அது நான்தானே.”

தறிப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.