மலைக்குள் மாட்டிக்கொண்ட ஆட்டுப் பெட்டி

இந்தக் காலத்து ஜனங்களுக்குக் கையைக் கட்டிக்கொண்டு ஒரு பொருளைப் பார்க்கவே தெரிவதில்லை. குட்டி ரயிலைக் கண்டால் போதும், விரல் தானாக நீண்டுவிடும். பெட்டி கவிழ்ந்ததும், "நான் இல்லப்பா!" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

அல்வின் மௌரருக்கு இதில் சந்தேகமே கிடையாது. அதனால்தான் கிறிஸ்துமஸ் கண்காட்சி அன்று காலையிலேயே பள்ளி விளையாட்டுக் கூடத்துக்கு வந்து, தான் உறுப்பினராக இருக்கும் மாதிரி ரயில் சங்கத்தின் பெரிய மேசையைச் சுற்றிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். அவர் கயிறு கட்டிய தூரத்தில் நின்று ரயிலைப் பார்க்க ஒட்டகச்சிவிங்கிதான் வர வேண்டும்.

மேசைமேல் ஊர், ஆறு, தேவாலயம், நடுவில் ஒரு மலை. மலைக்குள்ளே யார் கண்ணுக்கும் தெரியாத ஒரு நிலையம். கூப்பிட்டால் ரயில்கள் அங்கிருந்து ஒவ்வொன்றாக வெளியே வரும்.

வர வேண்டும். ஆனால் வரவில்லை.

"சரக்கு ரயிலைக் கூப்பிடறேன்," என்றார் சங்கத் தலைவர் எகோன். புதுக் கட்டுப்பாட்டுப் பெட்டியின் பொத்தானை அழுத்தினார்.

பீப்!

ஓடிக்கொண்டிருந்த பயணிகள் ரயில் பாலத்தின் நடுவே நின்றது. தேவாலய விளக்கு அணைந்தது. எல்லாமே செத்துப்போனது.

"மறுபடியுமா!" எகோன் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"நான் அன்னிக்கே சொன்னேன்," என்றார் மௌரர். "இந்தப் புதுப் பெட்டியை நம்பாதீங்கன்னு. பீப் பீப்னு கத்தத்தான் தெரியுது. என் காலத்துல ஒரு குமிழ். திருகினா ஓடும், விட்டா நிக்கும்."

அந்தப் பெட்டியை விற்றவர் கரோலா. ஊரிலேயே ஒரே ஒரு ரயில் சாமான் கடை அவருடையதுதான். கூடத்தின் மூலையில் தண்டவாளம், குட்டி மரங்கள், எறும்பளவு மனிதர்கள் எல்லாம் பரப்பி வைத்திருந்த அவர், முகம் வெளுத்து ஓடி வந்தார்.

"கடையில நல்லா ஓடுச்சே, எகோன்!"

"இங்க ஓடலையே. கதவு திறக்கறதுக்குள்ள சரியாகலைன்னா பெட்டியை எடுத்துக்கோங்க. அடுத்த வருஷத்துக்கு எல்லாத்தையும் இணையத்துலயே வாங்கிக்கறோம்."

கரோலா பெட்டியின் கம்பிகளை மறுபடி அழுத்திப் பார்த்தார். சங்கம் வாங்கவில்லை என்றால் கடையை மூட வேண்டியதுதான். அது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். அவருடைய பத்து வயது மகள் ஸ்வென்யாவுக்கும் தெரியும்.

ஸ்வென்யா கயிற்றுக்குக் கீழே குனிந்து உள்ளே நுழைந்தாள்.

"ஏய், ஏய்! கயிறு எதுக்குக் கட்டியிருக்கேன்? ஊஞ்சல் ஆடவா?" என்று கத்தினார் மௌரர்.

"எகோன் மாமா, பயணிகள் ரயிலை மட்டும் விடுங்களேன்."

விட்டார். அது அழகாகச் சுற்றி வந்தது.

"இப்போ சரக்கு ரயில்."

பீப்!

"பெட்டி கெட்டிருந்தா எல்லா ரயிலும்தானே நிக்கணும்? சரக்கு ரயிலைக் கூப்பிட்டா மட்டும் ஏன் கோவம் வருது?" என்றாள் ஸ்வென்யா.

"குழந்தைங்க எதையாவது உள்ள போட்டிருக்கும்," என்றார் மௌரர்.

"இன்னும் ஒரு குழந்தைகூட உள்ள வரலையே ஐயா. நான்தான் வந்திருக்கேன்."

"அதைத்தான் சொல்றேன்!"

ஸ்வென்யா மேசைக்கு அடியில் தவழ்ந்து போனாள். மலைக்கு நேர் கீழே, தலையை நுழைக்க ஓர் ஓட்டை இருக்கும். அவள் அங்கே போவதைப் பார்த்ததும் மௌரருக்குத் திக்கென்றது. கயிற்றை விட்டுவிட்டு, முழங்கால் முனக முனக அவரும் பின்னாலேயே தவழ்ந்தார்.

மலைக்குள் சரக்கு ரயில் நின்றுகொண்டிருந்தது. அதன் வாலில் ஒரு பழைய வெள்ளைப் பெட்டி. பெட்டியின் பக்கவாட்டில் மீசை வைத்த ஓர் ஆட்டுக்கிடா கம்பீரமாக முறைத்தது.

"இது சங்கத்துப் பெட்டி இல்லையே," என்றாள் ஸ்வென்யா.

"கத்தாதே!" என்று கிசுகிசுத்தார் மௌரர். "என்னோடது. நேத்துதான் மாட்டினேன். வெளிப்பெட்டி கூடாதுன்னு எகோன் சட்டம் பேசுவான். ஒரு தடவை, எல்லாரும் பாக்கற மாதிரி ஓடட்டுமேன்னு... பெட்டி ஓடினா இவனுக்கு என்ன வலிக்குதாம்?"

ஸ்வென்யா பெட்டியைத் திருப்பிப் பார்த்தாள். சக்கரமும் இரும்பு, அச்சும் இரும்பு.

"ஐயா, உங்க வீட்டுல தண்டவாளத்துக்கு நடுவுலயும் ஒரு மின்கம்பி ஓடுதா?"

"ஓடாம? அதுதான் ஒழுங்கான தண்டவாளம்."

"அங்க இந்தச் சக்கரம் சரி. இங்க நடுக்கம்பி இல்ல. ஒரு தண்டவாளத்துல வர்ற மின்சாரம் இன்னொண்ணைத் தொடவே கூடாது. சரக்கு ரயிலைக் கூப்பிட்டு அந்தத் தண்டவாளத்துக்கு மின்சாரம் வந்ததும், உங்க இரும்புச் சக்கரம் ரெண்டையும் சேத்துடுது. அதான் மேல கட்டுப்பாட்டுப் பெட்டி பயந்து கத்துது."

"சக்கரம்னா சக்கரம்தான். உருண்டா போதும்."

மேலே எகோனின் குரல் கேட்டது. "கரோலா, கம்பியைக் கழட்டிடட்டுமா?"

ஸ்வென்யா அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் எகோனிடம் காட்டியிருக்கலாம். அம்மாவுக்கு வந்த கெட்ட பெயர் அந்த நொடியே நீங்கியிருக்கும். மௌரர் அவள் முகத்தையே பார்த்தார். அவர் காது சிவந்திருந்தது.

"கொஞ்சம் பொறுங்க மாமா!" என்று கத்திவிட்டு, மேசையின் மறுபுறம் வழியாக வெளியே வந்து கடை மூலைக்கு ஓடினாள். "அம்மா, ரெண்டு ஜோடிச் சக்கரம் குடு. நடுவுல பிளாஸ்டிக் வச்சது."

"யாருக்குடி?"

"ஒரு ஆட்டுக்கு!"

கரோலா மகளை ஒரு மாதிரி பார்த்தார். ஆனால் கொடுத்தார்.

மறுபடி மேசைக்கு அடியில், பழைய சக்கரங்கள் கழன்றன. புதியவை 'டிக்' என்று உட்கார்ந்தன. மௌரர் கையை நீட்டினார்.

"என் சக்கரத்தைக் குடு. அப்புறம் காணோம்பே."

ஸ்வென்யா கொடுத்தாள். வெளியே வந்து, "இப்போ கூப்பிடுங்க," என்றாள்.

எகோன் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு பொத்தானை அழுத்தினார்.

பீப் இல்லை. சரக்கு ரயில் மலையிலிருந்து மெல்ல வெளியே வந்தது. வாலில் ஆட்டுக்கிடா.

கரோலா பெருமூச்சு விட்டார். "என்னதான் ஆச்சு?"

"ஒரு சக்கரத்துலதான் கோளாறு. நீ வித்த பெட்டி தங்கம், அம்மா," என்றாள் ஸ்வென்யா.

"அந்த ஆடு யாரோடது?" எகோன் புருவத்தை உயர்த்தினார். அதற்குள் கதவு திறந்துவிட்டது. குழந்தைகள் வெள்ளமாகப் பாய்ந்தார்கள்.

"மீசை ஆடு! மீசை ஆடு! இன்னொரு தடவை!"

எகோன் மௌரரைப் பார்த்தார். மௌரர் கூரையைப் பார்த்தார்.

"சரி, ஆடும் இருக்கட்டும், கரோலாவோட பெட்டியும் இருக்கட்டும்," என்றார் எகோன்.

கயிற்றுக்குப் பின்னால் ஒரு குட்டிப் பையன் எம்பி எம்பிக் குதித்தான். "ஆடு தெரியலையே!"

"கத்தாதே. காது போகுது," என்று முணுமுணுத்தபடி மௌரர் கயிற்றை அவிழ்த்து, மேசைக்கு ஒட்டினாற்போலக் கட்டினார். "கை நீண்டுச்சோ, பாரு!"

ஸ்வென்யா பக்கத்தில் வந்து நின்றாள். "இப்பவாவது ஒத்துக்கறீங்களா ஐயா? சக்கரம்தானே?"

"தூசி," என்றார் மௌரர். "நீ தொடச்சே, ஓடுது. அவ்வளவுதான்."

பைக்குள் பழைய இரும்புச் சக்கரங்கள் கலகலக்க, தலையை ஆட்டிக்கொண்டே அவர் வாஃபிள் பலகாரம் விற்கும் மேசையைப் பார்த்து நடந்தார்.